தக்காளியில் பக்கத்துளிர் கிள்ளுவது எல்லாச் செடிக்கும் பொருந்துமா?

கேள்வி
பதிவு: காவிரிக்கரை மாடி (திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மூன்றாண்டுகளாகக் காய்கறி வளர்த்து வருகிறேன். கத்தரி, வெண்டை, கீரை என்று கைக்கு அடங்கிய பயிர்களோடு நின்றிருந்த நான், இந்த ஆண்டு ஆடிப்பெருக்கன்று முதன்முறையாகத் தக்காளி விதைத்து, ஆகஸ்ட் கடைசியில் நாற்றுகளைப் பைகளுக்கு மாற்றினேன். மாடியில் இப்போது மூன்று விதமான செடிகள் நிற்கின்றன. ஆறு செடிகள் பிகேஎம் 1. நான்கு செடிகள் செர்ரி தக்காளி. மீதி ஏழு, கடையில் வாங்கிய பெரிய பழம் ஒன்றிலிருந்து நானே விதை எடுத்து முளைக்க வைத்தவை.

இலைக்கும் தண்டுக்கும் நடுவே கிளம்பும் துளிர்களைக் கிள்ளிவிட்டால்தான் சத்து முழுவதும் காய்க்குப் போகும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அதை நம்பி, பதினேழு செடிகளிலும் ஒன்று விடாமல் நாள்தோறும் காலையில் கிள்ளி வந்தேன். ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பியபோதுதான் குழப்பம் தொடங்கியது. செர்ரி தக்காளி கைப்பிடிச் சுவரைத் தாண்டி, துணி உலர்த்தும் கம்பியில் ஏறிப் புதராகக் கிடக்கிறது. பிகேஎம் 1 செடிகளோ முழங்கால் உயரத்திலேயே நின்றுவிட்டன. ஒவ்வொன்றிலும் மூன்று அல்லது நான்கு பூங்கொத்துகள் மட்டுமே உள்ளன, உச்சியில் குருத்தே இல்லை. விதை எடுத்து வளர்த்த ஏழில் ஐந்து நீண்டு வளர்கின்றன, இரண்டு குட்டையாகவே இருக்கின்றன. ஒரே பழத்தின் விதைகள் இப்படி இரண்டு விதமாக வளருமா? பிகேஎம் 1 செடிகளுக்கு உரம் போதவில்லையா, அல்லது நான் கிள்ளியதுதான் தவறா? இனி எந்தச் செடியில் எதைக் கிள்ள வேண்டும், எதை விட வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1
பதிவு: பழைய தாவரவியல் ஆசிரியர் (தேனி)

வணக்கம். உங்கள் பிகேஎம் 1 செடிகளுக்கு உரக்குறைவு எதுவும் இல்லை. நீங்கள் கிள்ளி எறிந்த துளிர்களில்தான் அவற்றின் விளைச்சல் இருந்தது. இதைச் சொல்ல எனக்கும் வருத்தம்தான். ஆனால் காரணத்தைப் புரிந்துகொண்டால் அடுத்த பட்டத்தில் இந்த இழப்பு நேராது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தக்காளியின் நடுத்தண்டு என்று நாம் நினைப்பது உண்மையில் ஒரே தண்டு அன்று. விதையிலிருந்து கிளம்பும் முதல் தண்டு, ஏறத்தாழ எட்டு முதல் பன்னிரண்டு இலைகளை விட்ட பிறகு, ஒரு பூங்கொத்தில் முடிந்துவிடுகிறது. அதோடு அதன் வளர்ச்சி தீர்ந்தது. அந்தக் கொத்துக்குச் சற்றுக் கீழே உள்ள கடைசி இலையின் கக்கத்திலிருந்து ஒரு மொட்டு கிளம்பி, பூங்கொத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, அதே திசையில் நிமிர்ந்து வளர்வதால், நம் கண்ணுக்கு அது பழைய தண்டின் தொடர்ச்சியாகத் தெரிகிறது. அந்தப் புதுத்தண்டும் சில இலைகளை விட்டு மற்றொரு பூங்கொத்தில் முடிகிறது. அதன் கக்கத்திலிருந்து இன்னொன்று. ஆகவே முதல் பூங்கொத்துக்கு மேலே நாம் பார்க்கும் தண்டு முழுவதும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பக்கத்துளிர்களின் சங்கிலியே.

இந்தச் சங்கிலி எவ்வளவு தூரம் நீளும் என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. விதை உறைகளில் ‘இன்டிடர்மினேட்’ என்று அச்சிட்டிருக்கும் கொடி வகைகளில் ஒவ்வொரு மூன்று இலைக்கும் ஒரு பூங்கொத்து என்ற கணக்கில், செடி நலமாக இருக்கும்வரை சங்கிலி நீண்டுகொண்டே போகும். ‘டிடர்மினேட்’ எனப்படும் குத்துச்செடி வகைகளில், முதல் கொத்துக்குப் பிறகு இரண்டு இலை, அடுத்து ஒரு இலை என்று இடைவெளி குறைந்துகொண்டே வந்து, இறுதியில் இலையே இல்லாமல் கொத்தின்மேல் கொத்து வந்து தண்டு முடிந்துவிடும். அதனால்தான் உங்கள் செடியின் உச்சியில் குருத்து இல்லை. நடுத்தண்டு தானாகவே நின்றுவிடும் இச்செடி, தன் காய்ப்பின் பெரும்பகுதியைக் கீழ்க் கணுக்களிலிருந்து வரும் கிளைகளில்தான் வைத்திருக்கிறது. அந்தக் கிளைகளை நீக்கினால், நடுத்தண்டில் உள்ள மூன்று நான்கு கொத்துகளே மொத்த விளைச்சல்.

பிகேஎம் 1 எங்கள் மாவட்டத்துப் பிள்ளை என்பதால் அதைப்பற்றி ஒரு சொல். தேனிக்கு அருகில் உள்ள அன்னஞ்சி என்ற ஊரின் பெயரால் வழங்கிய உள்ளூர் ரகத்தில் செயற்கையாகத் திடீர்மாற்றத்தைத் தூண்டி, பெரியகுளத்தில் உருவாக்கிய ரகம் அது. தட்டையான உருண்டைப் பழம், காயாக இருக்கும்போது தோளில் பச்சை, தொலைதூரம் அனுப்பினாலும் தாங்கும் தோல் ஆகியவற்றோடு, குத்துச்செடி வளர்ச்சியும் அதன் அடையாளம். குச்சியும் கம்பியும் இல்லாமல் வயலில் விட்டு வளர்க்க ஏற்ற ரகத்துக்கு, கம்பியில் ஏற்றி வளர்க்கும் கொடியின் வைத்தியத்தை நீங்கள் செய்துவிட்டீர்கள்.

ஒரே பழத்தின் விதைகள் இரண்டு விதமாக வளருமா என்று கேட்டிருந்தீர்கள், கட்டாயம் வளரும். குத்துச்செடித் தன்மை ஒரே ஒரு மரபணுவில் நேர்ந்த மாற்றத்தால் வருவது. 1914 ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு தோட்டத்தில் இம்மாற்றம் இயற்கையாகத் தோன்றியதைக் கண்டார்கள்; தன்னைத்தானே கவாத்து செய்துகொள்ளும் செடி என்ற பொருளில் அந்த மரபணுவுக்கு ‘செல்ஃப் ப்ரூனிங்’ என்றே பெயர் வைத்தார்கள். பின்னாளில் கலிபோர்னியாவில் இயந்திரத்தால் ஒரே தடவையில் அறுவடை செய்யும் தக்காளி ரகங்கள் உருவானதற்கும் இதுவே அடிப்படை. இது ஒடுங்கு பண்பு. எனவே குத்துச்செடியையும் கொடியையும் கலந்து உண்டாக்கிய வீரிய ஒட்டுரகம் முதல் தலைமுறையில் கொடியாகவே நீளும். அதன் பழத்திலிருந்து நாம் விதை எடுத்தால், பத்தாம் வகுப்பில் மெண்டலின் பட்டாணிக்குப் படித்த மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கு இங்கேயும் தலைகாட்டும். நீங்கள் வாங்கிய பழம் அப்படிப்பட்ட ஒட்டுரகத்தினுடையதாக இருந்திருக்கலாம். ஐந்துக்கு இரண்டு என்பது அந்தக் கணக்குக்கு அதிகத் தூரத்தில் இல்லை.

செடியின் உயரத்தை மட்டும் பார்த்து வகையை முடிவு செய்யாதீர்கள். வெயில் போதாத இடத்தில் குத்துச்செடியும் வெளிறி நீளும். தண்டு தடித்து, இலை சுருங்கிக் கரும்பச்சையாக இருக்கும் குள்ளத் தக்காளிகளில் சில, வளர்ச்சி நிற்காத கொடி வகையைச் சேர்ந்தவை. இரண்டு பூங்கொத்துகளுக்கு நடுவே எத்தனை இலைகள் என்று எண்ணுங்கள். இரண்டாவது, மூன்றாவது இடைவெளிகளிலும் மூன்று மூன்றாகவே வந்தால் கொடி; குறைந்துகொண்டே வந்தால் குத்துச்செடி. முதல் கொத்துக்குக் கீழே உள்ள இலைகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மறுமொழி 2
பதிவு: மேட்டுக்காடு விவசாயி (இராயக்கோட்டை)

வணக்கம் அம்மா. ஆசிரியர் ஐயா செடியின் உள்விவரத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் பதினைந்து ஆண்டுகளாகக் குச்சி ஊன்றித் தக்காளி கட்டுகிறவன் என்ற முறையில், கை வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் இப்போது பெரும்பாலும் ஒட்டுரகங்கள்தான். அவற்றில் பல, கொடிக்கும் குத்துச்செடிக்கும் இடைப்பட்டவை. விதைக்கடையில் ‘செமி டிடர்மினேட்’ என்பார்கள். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் இந்த வகைதான். இந்தச் செடியைக் கையாள்வதுதான் மூன்றிலும் கடினம். நாலைந்து கொத்துவரை கொடிபோல் நம்பிக்கையாக ஏறிவிட்டு, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நுனியில் பூவோடு நின்றுவிடும். ஒற்றைத் தண்டாக விட்டுக் கீழே எல்லாவற்றையும் கிள்ளியிருந்தால் அன்றோடு அந்தச் செடி முடிந்தது. ஆகவே இதில் முதல் பூங்கொத்துக்குக் கீழே தரையை ஒட்டி வருவனவற்றை மட்டும் எடுத்துவிட்டு, இரண்டு அல்லது மூன்று தண்டுகளைக் கட்டுவோம். அதற்கு மேலும், நுனிக்குச் சற்றுக் கீழே ஓர் இளம் துளிரை எப்போதும் மிச்சம் வைப்போம். நுனி நின்றுவிட்டால் அந்தத் துளிர் மேலே ஏறி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் விதைச்செடிகளில் எது எப்படிப் போகும் என்று உறுதியில்லாதபோது, இந்த முறையையே அவை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

கொடி வகையில் இரண்டாவது தண்டாக எதை விடுவது என்று பலரும் கேட்பார்கள். முதல் பூங்கொத்துக்கு நேர் கீழே உள்ள கக்கத்திலிருந்து வருவதுதான் எப்போதும் வலுவான துளிர். அதை விட்டுவிட்டு மற்றவற்றை எடுக்கலாம். கிள்ளும் துளிர் விரல் நீளத்துக்குள் இருக்கவேண்டும். அந்த வயதில் அதைப் பக்கவாட்டில் மடக்கினாலே சுத்தமாக ஒடிந்துவிடும். பிளேடோ கத்தரியோ தேவையில்லை. பென்சில் தடிமனுக்கு வளர்ந்துவிட்டதைப் பிடித்து இழுத்தால் தண்டின் தோல் உரிந்து வரும், அந்தப் புண் ஆற நாளாகும். உங்கள் செர்ரி தக்காளியில் பத்து நாளில் அப்படி முற்றியவை பல இருக்கும். அவற்றை அடியோடு எடுக்க முயலாமல், இரண்டு இலை விட்டு நுனியை மட்டும் கிள்ளுங்கள்.

கருவியை விடக் கையே நல்லது என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாக்டீரியா வாடல் கண்ட ஒரு செடியை வெட்டிய கத்தி, வரிசை முழுவதற்கும் நோயைக் கொண்டுபோகும். ஆனால் கையும் எல்லா நோய்க்கும் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. பீடி, புகையிலை தொட்ட கையோடு தக்காளியைத் தொட்டால் தேமல் நோய் வரும் என்று எங்கள் அப்பா ஆட்களை விரட்டுவார். அப்போது நான் அதை அவருடைய பீடி வெறுப்பு என்று நினைத்திருந்தேன். புகையிலைத் தேமல் நச்சுயிரி காய்ந்த புகையிலையிலும் உயிர்ப்போடு இருந்து, கையோடு செடிக்கு ஏறும் என்பதைப் பிறகுதான் பயிற்சி முகாமில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கொழுப்பு நீக்கிய பால்பொடியைத் தண்ணீரில் கரைத்து அதில் கையை நனைத்துக்கொண்டு வேலை செய்தால் இந்த நோய் பரவுவது குறையும். மாடியில் பதினேழு செடிக்கு இது பெரிய செலவில்லை. இலை சுருண்டு, செடி குறுகி நிற்பது தெரிந்தால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருள் நோய். அந்தச் செடியைக் கடைசியாகத் தொடுங்கள், அல்லது பிடுங்கிவிடுங்கள். குருத்து கருகிக் கீழ்நோக்கி வாடினால் அது இலைப்பேன் பரப்பும் மொட்டுக்கருகல் நோய். அதற்குக் கவாத்து மருந்தாகாது.

மண்ணைத் தொடும் கீழ் இலைகளை எல்லா வகையிலும் எடுக்கலாம், குத்துச்செடியில்கூட. மழைத்துளி தெறித்து மண்ணிலிருந்து இலைக்கருகல் ஏறுவது அந்த இலைகள் வழியாகத்தான். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. ஒரு பங்குனியில் காய் சீக்கிரம் சிவக்கட்டும் என்று கொத்துகளை மறைத்த இலைகளை எல்லாம் உரித்துவிட்டேன். ஒரே வாரத்தில் மேற்குப் பக்கத்துக் காய்கள் எல்லாம் வெந்து, வெள்ளைத் தோலாகச் சுருங்கின. அந்த முறை வியாபாரி பெட்டி பெட்டியாக ஒதுக்கிவைத்தார். காய் சிவக்க வெயில் நேராகப் படவேண்டியதில்லை என்பதை அந்த நட்டத்தில் கற்றுக்கொண்டேன்.

மறுமொழி 3
பதிவு: கீற்றுப்பந்தல் (சென்னை)

சகோதரிக்கு வணக்கம். விவசாயி அண்ணன் சொன்ன வெயில் வேக்காட்டை மாடித்தோட்டக்காரர்கள் இன்னும் கவனமாக எண்ணிப் பார்க்கவேண்டும், ஏனெனில் நமக்குத் தரையின் சூடும் சுவரின் சூடும் சேர்ந்து வருகின்றன. நான் மாசிக்குப் பிறகு துளிர்களை முழுவதுமாக எடுப்பதே இல்லை. ஒவ்வொரு துளிரிலும் இரண்டு இலை வந்ததும் அதன் நுனியை மட்டும் கிள்ளிவிடுவேன். கிளை நீளாது, ஆனால் அந்த இரண்டு இலைகள் காய்களுக்குக் குடையாக இருக்கும்.

செர்ரி தக்காளியைப் பொறுத்தவரை எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. கொடி வகையில் கிளைகளைக் குறைத்தால் காய்களின் எண்ணிக்கை குறைந்து, ஒவ்வொன்றும் பருக்கும், முதல் பழமும் சற்று முந்தி வரும். ஆனால் செர்ரியின் காய் பிறவியிலேயே சிறியது. அதைப் பருக்க வைக்கிறோம் என்று தண்டைக் குறைப்பது வீண். அங்கே கிள்ளுவதன் பயன், இருக்கும் இடத்துக்குள் செடியை அடக்குவதும் உள்ளே காற்று நுழைய விடுவதும்தான். பெரிய பையும் உறுதியான பந்தலும் இருந்தால் நான்கு தண்டுகூட விடலாம். சிறிய பையில் நான்கு தண்டு விட்டால் மதியத்தில் செடி துவண்டு, நீர் ஏறி இறங்கி, காயின் அடி கறுக்கும். அடி கறுப்பதற்குக் காரணம் காய்க்குச் சுண்ணாம்புச்சத்து சீராகப் போய்ச் சேராததுதான். பல வேளைகளில் மண்ணில் அந்தச் சத்து இருக்கும், அதை ஏற்றிச்செல்லும் நீர்தான் ஒழுங்காக இருக்காது. எத்தனை தண்டு விடுவது என்பதை நான் பையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன்.

இன்னொன்று: கொடி வகையில் கிள்ளிய துளிர்களைக் குப்பையில் போடாதீர்கள். ஒரு சாண் நீளமுள்ள துளிரின் கீழ் இலைகளை நீக்கி, ஈரமான தென்னைநார்க் கழிவில் நட்டு நிழலில் வைத்தால், பத்து நாளுக்குள் வேர் பிடித்துவிடும். நோயில்லாத செடியிலிருந்து மட்டும் எடுக்கவேண்டும். நாற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதோடு, ஒட்டுரகமாக இருந்தாலும் தாய்ச்செடியின் குணம் மாறாது. நீங்கள் விதை எடுத்து வளர்த்த ஐந்து நெடுஞ்செடிகளில் எதன் பழம் உங்களுக்குப் பிடிக்கிறதோ, அதை இப்படியே தொடரலாம்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி
பதிவு: காவிரிக்கரை மாடி (திருச்சி)

ஆசிரியர் ஐயாவுக்கும், விவசாயி அண்ணனுக்கும், சென்னை நண்பருக்கும் மிக்க நன்றி. இன்று காலை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மாடிக்குப் போய் இலைகளை எண்ணினேன். செர்ரி நான்கிலும் பிசகாமல் மூன்று, மூன்று, மூன்று. பிகேஎம் 1 செடிகளில் இரண்டு, ஒன்று, பிறகு இரட்டைக் கொத்து. விதைச்செடிகளில் நீண்ட ஐந்தில் நான்கு தெளிவான கொடி. ஐந்தாவது செடி முதலில் மூன்று, பிறகு இரண்டு, மறுபடி இரண்டு என்று காட்டுகிறது. அண்ணன் சொன்ன இடைப்பட்ட வகையாக இருக்குமோ என்று அதில் மஞ்சள் நூல் கட்டி, எதையும் கிள்ளாமல் விட்டிருக்கிறேன். குட்டையாக நின்ற இரண்டும் பிகேஎம் 1 போலத்தான் முடிகின்றன.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. மொட்டையாக்கிவிட்ட ஆறு பிகேஎம் 1 செடிகளைப் பிடுங்கிவிட்டு மறுபடி விதைக்கவா, அல்லது அவை மீண்டும் துளிர்க்க வாய்ப்பு உண்டா?

மறுமொழி 4
பதிவு: பழைய தாவரவியல் ஆசிரியர் (தேனி)

பிடுங்க வேண்டாம். இருக்கும் கொத்துகளாவது பழுக்கட்டும். நீங்கள் எவ்வளவு கவனமாகக் கிள்ளியிருந்தாலும், அடிக் கணுக்களில் ஒன்றிரண்டு கண்கள் தப்பியிருக்கும். கிள்ளிய இடத்தின் ஓரத்திலிருந்தும் சில வேளைகளில் மறுதுளிர் வருவதுண்டு. வருவது எதுவாயினும் அதை அப்படியே விட்டுவிடுங்கள். மட்கிய தொழுவுரம் ஒரு கைப்பிடி போதும்; துளிரை வரவழைக்கிறேன் என்று யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் கொழுக்கும், அதைத் தேடிப் பூச்சியும் வரும். இதோடு நில்லாமல், கார்த்திகையில் புதிதாக ஒரு தட்டு விதைத்துவிடுவதும் நல்லது. முழு விளைச்சலை அந்தச் செடிகளிடம்தான் எதிர்பார்க்க முடியும். அவற்றில் மண்ணைத் தொடும் இலைகளைத் தவிர வேறு எதிலும் கைவைக்காதீர்கள்.

மறுமொழி 5
பதிவு: மேட்டுக்காடு விவசாயி (இராயக்கோட்டை)

அம்மா, மஞ்சள் நூல் கட்டியது நல்ல யோசனை. நாங்களும் புது ரகம் போட்டால் முதல் வரிசையைக் கிள்ளாமல் விட்டுத்தான் அதன் போக்கைப் பார்ப்போம். ஐப்பசி மழை உங்கள் பக்கம் இறங்கப்போகிறது என்பதால் ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். செர்ரிப் புதரைப் பிரிக்கும் வேலையை மழை நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். இலை காய்ந்து, அன்று முழுவதும் வெயில் இருக்கும் என்று தெரிந்த காலையில் தொடங்கினால், கிள்ளிய புண் மாலைக்குள் காய்ந்துவிடும். பத்து நாள் வளர்ச்சியை ஒரே நாளில் குறைக்கவும் வேண்டாம். ஒரு செடிக்கு நாலைந்து துளிர் வீதம் எடுத்துவிட்டு, மூன்று நாள் விட்டு மறுபடி பாருங்கள்.